வரைந்தவர் யார்? வரையச் சொன்னவர் யார்?



நம் விடுதியின் படிப்பறைச் சுவரில் பெரிய உலகப் படம் ஒன்று தொங்குகிறது. நாள்தோறும் அதன் கீழே அமர்ந்துதான் செய்தித்தாள் புரட்டுகிறோம். என்றேனும் அதை ஏறிட்டு நோக்கியிருக்கிறோமா? அடுத்த முறை அங்கே அமரும்போது கிரீன்லாந்தையும் இந்தியாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பனி மூடிய கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பன்மடங்கு பரந்து கிடக்கும். உண்மை என்ன? கிரீன்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 22 இலட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் பரப்போ 33 இலட்சம். ஒன்றரை மடங்கு பெரிய நாடு சுவரில் சிறுத்துக் கிடக்கிறது. ஆப்பிரிக்காவின் கதை இதனினும் கொடிது. பதினான்கு கிரீன்லாந்துகளைத் தன்னுள் அடக்கவல்ல அந்தக் கண்டம், படத்தில் ஒரே ஒரு கிரீன்லாந்தின் அளவாகத் தோன்றுகிறது.

படம் பொய் சொல்கிறது என்று தீர்ப்பளிப்பது எளிது. ஆனால் அவசரப்பட வேண்டா. இந்த முறையில் உலகை வரைந்தவர் மெர்க்காட்டர், ஆண்டு 1569. அவர் கப்பலோட்டிகளுக்காக வரைந்தார். திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு செல்லும் கப்பலின் வழி அவருடைய படத்தில் நேர்கோடாக அமையும். மாலுமிக்கு வேண்டியது அதுதானே? அந்த நேர்கோட்டைப் பெறுவதற்காகத் துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை இழுத்துப் பெரிதாக்க வேண்டியதாயிற்று. உருண்டையின் மேற்பரப்பைச் சிதைக்காமல் தட்டையாக விரிக்க முடியாது என்பது, காஸ் என்னும் கணித மேதை 1827இல் வெளியிட்ட தேற்றத்தால் விளங்கும் உண்மை. ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்து மேசைமேல் அழுத்திப் பார்த்தவருக்குத் தேற்றம் இல்லாமலே இது விளங்கும். எதையேனும் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். மெர்க்காட்டர் பரப்பை விட்டுக்கொடுத்தார்; திசையைக் காத்தார். குற்றம் அவருடையது அன்று. கப்பலோட்டியின் கேள்விக்கு எழுதிய விடையை நாம் பள்ளிப் பிள்ளைகளின் கேள்விக்கும் விடையாக மாட்டிவைத்தோமே, குற்றம் அதில்தான் இருக்கிறது. பரப்பைச் சிதைக்காத 'ஈக்குவல் எர்த்' என்னும் புதிய படமுறையை 2018இல் அறிஞர் மூவர் வகுத்தனர். மெர்க்காட்டர் படத்தை மாற்றவேண்டும் என்னும் இயக்கத்துக்கு 2025 ஆகஸ்டில் ஆப்பிரிக்க ஒன்றியமே ஆதரவு அளித்தது. சுவர்ப்படத்துக்கு இத்துணை ஆரவாரமா என்று சிலர் நகைத்தனர். தம் வீட்டைப் பிறர் சிறிதாக வரைந்து பார்த்தறியாதவர்கள் அவர்கள்!

நான் சொல்ல வருவது இவ்வளவே. நிலப்படம் நிலத்தின் நிழற்படம் அன்று. அது ஒரு கேள்விக்கு எழுதப்பட்ட விடை. கேள்வியைக் கேட்டவர் யார் என்று தெரியாத வரையில் விடை சரியா தவறா என்று கூற இயலாது. பிரையன் ஹார்லி என்னும் ஆங்கிலேய அறிஞர் 1988, 1989ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகள் இக்கருத்தை நிலப்படவியல் துறையின் நடுவே கொண்டுவந்து நிறுத்தின. படத்தில் உள்ள கோடுகளைப் படிப்பது போலவே அதன் மௌனங்களையும் படிக்க வேண்டும் என்றார் அவர். எது வரையப்படவில்லை? ஏன் வரையப்படவில்லை? அன்றுமுதல் இன்றுவரை அத்துறையில் நடைபெறும் ஆராய்ச்சிகளில் ஒரு பகுதி இவ்விரண்டு வினாக்களைச் சுற்றியே சுழல்கின்றது.

எடுத்துக்காட்டைத் தேடி ஐரோப்பாவுக்குப் போகவேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வாருங்கள். 1010இல் முற்றுப்பெற்ற அக்கோயிலின் கல்வெட்டுகளில், இராசராசன் கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கு வெட்டப்பட்டிருக்கிறது. வேலியின் மிகச் சிறு பின்னம் வரையில் அளந்த கணக்கு அது. மொத்த நிலத்தைக் கூறி, அதிலிருந்து வரி இல்லாத நிலங்களைக் கழிப்பார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று அக்கழிவுகள் வரிசையாக வரும். சோழநாட்டு உழைப்பாளியின் குடியிருப்பு அரசின் ஏட்டில் எவ்வாறு இடம்பெற்றது, பார்த்தீர்களா? குளத்தோடும் சுடுகாட்டோடும் சேர்ந்து கழித்தற்குறியின் பின்னால் நின்றது! அங்கே எத்தனை பேர் வாழ்ந்தார்கள், எந்தக் கிணற்றில் நீர் மொண்டார்கள் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. இறை எவ்வளவு என்பதே அரசின் கேள்வி. கல்வெட்டு அக்கேள்விக்கு நேர்மையாகவே விடை கூறியது. அந்தச் சேரிகள் இருந்தன என்பதை இன்று நாம் அறிவதும் அக்கல்வெட்டால்தான்.

எண்ணூறு ஆண்டுகள் கழிந்தன. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். பின்னாளில் இமயம் வரை சென்று உலகின் உயர்ந்த சிகரத்தையும் கணக்கிட்டுச் சொன்ன அளவை அது. சமவெளியான காவிரிப் படுகையில் தொலைவு நோக்க மலை ஏது? கோயில் கோபுரங்களே மலைகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு அறுந்தது. கருவி மோதிச் சேதமுற்றது. லாம்டன் சோர்ந்துவிடவில்லை. தம் கையாலேயே அதைச் செப்பனிட்டு வேலையைத் தொடர்ந்தார். அவருடைய விடாமுயற்சியை நான் போற்றுகிறேன். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நமக்கு அது கோயில். சிற்பிக்கு அது கலை. லாம்டனின் ஏட்டில் அது ஒரு முக்கோணத்தின் முனை. கயிறு இழுத்தவர்களும் கொடி பிடித்தவர்களும் அவ்வேட்டில் முனையாகவும் இடம்பெறவில்லை.

"இவை பழங்கதைகள், இன்று வானத்திலிருந்து துணைக்கோள் அல்லவா பார்க்கிறது? அதற்கு ஏது சார்பு?" என்று பொறியியல் பயிலும் நண்பர்கள் கேட்கலாம். துணைக்கோள் கூரையைக் காணும். கூரையின் கீழ் இருப்பவர் யார் என்பதைக் காணாது. நாம் வாழும் தில்லியிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் 'மதராசி முகாம்' என்ற குடியிருப்பு இருந்தது. தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த இடம். வடிகாலில் நீர் தடையின்றி ஓட வழி செய்யவேண்டும் என்ற உயர்நீதிமன்ற ஆணையின்படி, 2025 ஜூன் 1 அன்று ஏறத்தாழ 370 குடிசைகள் இடிக்கப்பட்டன. ஒரு பகுதியினருக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. மற்றவர்கள் தகுதியற்றோர் பட்டியலில் விழுந்தனர்.

மழைக்காலத்தில் நகரம் மூழ்கக் கூடாது என்பது நியாயமான கேள்விதான். வடிகாலை வரைபவர் நீர் எங்கே தடைபடுகிறது என்று வரைவார். அதில் பிழை இல்லை. ஆனால் இன்னொரு படமும் மேசைமேல் விரிக்கப்பட்டிருக்க வேண்டாமா? வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் செல்பவர்களின் வேலையிடம் எங்கே, நரேலா எங்கே? இடைத் தொலைவு 40 கிலோமீட்டர் அளவு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் ஏழு. அவற்றுள் ஒன்றேனும் நரேலாவில் உண்டா? இல்லை. இவற்றையும் அளக்கலாம், இவற்றையும் கோடாக இழுக்கலாம். வடிகாலின் அகலம் எவ்வளவு அறிவியலோ, ஒரு பிள்ளைக்கும் அதன் தாய்மொழிப் பள்ளிக்கும் இடையே உள்ள தொலைவும் அவ்வளவு அறிவியலே.

நம் வளாக மதிலுக்குப் பின்னாலும் ஒரு குடியிருப்பு உண்டு. விடுதிச் சமையற்கூடத்தில் வேலை செய்யும் விழுப்புரத்து அம்மா ஒருவர் அங்கே இருக்கிறார். காய்ச்சலில் அவர் வேலைக்கு வராத நாளில் பார்த்துவரப் புறப்பட்டேன். என் கைப்பேசி அவ்விடத்தை வெறும் திடலாகக் காட்டியது. அவரையே அழைத்து வழி கேட்டேன். "தண்ணி லாரி நிக்கும்ல தம்பி, அங்கேருந்து நாலாவது சந்து. மழை பேஞ்சா இந்தப் பக்கம் வராதீங்க, சாக்கடை ஏறிக்கும். கோயில் பக்கமா சுத்தி வாங்க" என்றார். வெயிலுக்கு ஒரு வழி, மழைக்கு ஒரு வழி! இத்தகைய படத்தை எந்தத் துணைக்கோள் எடுக்கும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அன்று எனக்கு நன்கு விளங்கியது.

அந்த அறிவை ஏட்டில் ஏற்ற முடியாதா? முடியும். கென்யாவின் தலைநகர் நைரோபியில் கிபேரா என்னும் பெரிய சேரிப்பகுதி இருக்கிறது. 2009இல் அங்கு வாழும் இளைஞர்களே கருவி ஏந்தித் தெருத்தெருவாக நடந்து, குழாய், கழிப்பிடம், மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றைக் குறித்துப் படம் வரைந்தனர். அதுவரை வெற்றிடமாகக் கிடந்த பகுதி, யாவரும் திருத்தவும் பயன்படுத்தவும் உரிமையுள்ள ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊராக எழுந்தது. நம் நாட்டிலும் 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகளின்படி, இந்தியர் படம் வரைய முன்அனுமதி பெறவேண்டியதில்லை. பாதுகாப்பு கருதி விலக்கிய சில செய்திகளைத் தவிர்த்தால் போதும். கதவு திறந்திருக்கிறது. நடந்து செல்லக் கால்கள் வேண்டும்.

இதற்கு ஒரு நண்பர் தடை எழுப்பினார். "படத்தில் ஏற்றினால் இடிக்க வருபவனுக்கு வழிகாட்டியதாகாதா?" என்றார். வலிமையான கேள்வி. மறைந்திருப்பதே சிலருக்கு அரண் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இடிக்கும் ஆற்றல் உள்ளவர் கையில் படம் இல்லாமல் இல்லை. இல்லாதிருப்பது அங்கே வாழ்பவர் கையில்தான். எனினும் அவர் கேள்வியிலிருந்து ஒரு விதியை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். எதைக் குறிக்கலாம், எதைக் குறிக்கக் கூடாது என்பதை முடிவு செய்யவேண்டியவர்கள் நாம் அல்லர், அங்கே குடியிருப்பவர்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். அவர்களைக் கேளாமல் நாம் வரைந்தால் லாம்டனின் கயிற்றை நாம் பிடித்திருக்கிறோம் என்றுதான் பொருள்.

ஆகவே நம் சங்கத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஆண்டுதோறும் பொங்கல் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். நன்று. அவற்றோடு மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இப்பணிக்கு ஒதுக்குவோம். நால்வர் நால்வராகச் சென்று, அவ்வூரார் ஒருவர் முன்னே நடக்க நாம் பின்னே நடப்போம். தண்ணீர் லாரி நிற்கும் இடம், விளக்கு எரியாத சந்து, மழையில் மூழ்கும் வழி, நியாயவிலைக் கடை, பள்ளிப் பேருந்து நிற்குமிடம் ஆகியவற்றை அவர்கள் சொல்லச் சொல்லக் குறிப்போம். தமிழிலும் இந்தியிலும் பெயர் எழுதி, முதற்படியை அவர்களிடமே கொடுப்போம். நகராட்சி வாயிலில் மனுவோடு நிற்கும்போது அது அவர்களுக்கு ஒரு சான்றாகப் பயன்படட்டும்.

இதனால் ஒரு குடிசை காக்கப்படும் என்று நான் உறுதி கூற இயலாது. மதராசி முகாமில் இருந்தவர்கள் எல்லாரிடமும் முறையிட்டும் வீடுகள் இடிந்தன. ஆனால் அடுத்த முறை ஒரு நிலம் மேசைமேல் விரிக்கப்படும்போது, வடிகாலின் படத்துக்கு அருகே வாழ்ந்தவரின் படமும் கிடக்கும். அதைப் பார்க்கவில்லை என்று அதன்பின் எவரும் சொல்ல முடியாது.

விருப்பமுள்ள தோழர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். செருப்பு உறுதியாக இருக்கட்டும். நடக்கவேண்டிய சந்துகள் பல.