மறைக்கக் கூடாத குளிசை



பேசாலைப் பக்கம் வீடுகளுக்குச் சென்றிருந்தபோது ஓர் அக்காவைச் சந்தித்தேன். சிறு வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் அவருடைய இதய வால்வைப் பழுதாக்கிவிட்டது. வால்வு மாற்றும் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்திருந்தது. கணவர் கடற்றொழிலாளி.

"பிள்ளை, நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்தால் உள்ளுக்கெல்லாம் வீங்குமாம். வீங்காமல் இருக்க ஒரு ஊசி இருக்காம். வெளியில வாங்கிக் குடுக்க வேணுமெண்டால் தோட்டை அடகு வச்சாவது வாங்குவன்" என்றார்.

அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. திறந்த இதய சத்திரசிகிச்சையின்போது பெரும்பாலும் இதயத்தை நிறுத்திவைத்து, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைக்கிறார்கள். 1953 மே 6ஆந் திகதி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜோன் கிப்பன் என்ற வைத்தியர் இவ்வியந்திரத்தின் துணையோடு முதன்முதலாக ஒரு பெண்ணின் இதயத்தை வெற்றிகரமாகச் சீர்செய்தார். அவருடைய மனைவி மேரியும் பல ஆண்டுகள் ஆய்வுகூடத்தில் அவரோடு உழைத்தவர் என்பது நாம் நினைவில் வைக்க வேண்டிய விடயம்.

இயந்திரத்தின் குழாய்களில் ஓடும் இரத்தம் அவற்றை அந்நியப் பொருளாக உணர்கிறது. உடலின் காவல் சக்தி கிளர்ந்தெழுகிறது. இதையே அழற்சி என்கிறோம். இது கடுமையானால் நுரையீரல், சிறுநீரகம் முதலியன பாதிக்கப்படலாம். ஸ்டீரொயிட் மருந்து அழற்சியை அடக்கும். ஆகவே சத்திரசிகிச்சையின்போதே அதை ஊசியாகக் கொடுத்தால் நல்லது என்று வைத்தியர்கள் பல காலம் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தபோது கிடைத்த விடை வேறு. நெதர்லாந்தில் 4,494 பேரிடம் டெக்ஸாமெதசோன் மருந்தைச் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மரணம், மாரடைப்பு போன்ற பெரிய ஆபத்துகள் குறைந்ததாக உறுதிப்படவில்லை. தொற்று குறைந்தது, ஆனால் இரத்தத்தில் சீனி கூடியது. 2015இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு 18 நாடுகளில் 7,507 பேரிடம் மெதைல்பிரெட்னிசலோன் மருந்தைச் சோதித்தது. அதிலும் உயிரிழப்புக் குறையவில்லை. இதயத் தசைப் பாதிப்புத்தான் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. ஒரு வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 1,200 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வும் 2022இல் தெளிவான நன்மை எதையும் காட்டவில்லை.

எனவே இந்த ஊசியை எல்லோருக்கும் போட்டேயாக வேண்டும் என்றில்லை. யாருக்குத் தேவை என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். "தோட்டைக் கழற்றாதீங்கோ அக்கா" என்றேன்.

பிறகு, "வேறு குளிசை ஏதும் போடுறீங்களோ?" என்று கேட்டேன். தயங்கியபடி அலுமாரியிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து வந்தார். முட்டுக்கும் முழங்கால் நோவுக்கும் துண்டு இல்லாமல் கடையில் வாங்கிய வெள்ளைக் குளிசைகள். இரண்டு வருடமாகப் போடுகிறாராம். ஏசுவார்கள் என்ற பயத்தில் கிளினிக்கில் சொல்லவில்லை. அது பிரெட்னிசலோன், அதுவும் ஒரு ஸ்டீரொயிட்! எந்த மருந்தைத் தேடித் தோட்டை அடகு வைக்க நினைத்தாரோ, அதே இனத்து மருந்தைத் தெரியாமலே விழுங்கிக்கொண்டிருந்தார்.

இதில் என்ன ஆபத்து? நம் சிறுநீரகங்களின் மேலே உள்ள சுரப்பிகள் இத்தகைய பொருளொன்றைத் தாமே சுரக்கின்றன. வெளியிலிருந்து தினமும் சோறு வந்தால் அடுப்பு மூட்டாத வீடுபோல, குளிசையை நீண்டகாலம் எடுத்தால் சுரப்பிகள் சோர்ந்துவிடும். சத்திரசிகிச்சை போன்ற நெருக்கடியில் உடலுக்குத் தேவையானதை அவற்றால் கொடுக்க முடியாது. இரத்த அழுத்தம் ஆபத்தாக விழலாம். முன்கூட்டியே தெரிந்தால் வைத்தியர்கள் அதற்கேற்ற அளவு மருந்து கொடுத்துக் காப்பாற்றுவார்கள்.

சகோதரிகளே, இவற்றை மறவாதீர்கள்:

நீங்கள் எடுக்கும் குளிசை, கை மருந்து, இழுக்கும் மருந்து எல்லாவற்றையும் உறையோடு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

ஸ்டீரொயிட் குளிசையை நீங்களாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். வைத்தியர் சொல்லும் முறையில் மெல்லமெல்லவே குறைக்க வேண்டும்.

சீனி வருத்தம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

வீடு திரும்பியபின் காயம் சிவந்தாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஸ்டீரொயிட் எடுப்பவருக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் தெரியாமல் போகலாம்.

அக்காவோடு நானும் கிளினிக்குக்குப் போனேன். யாரும் ஏசவில்லை. வைத்தியர் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினார். அக்கா இப்போது திகதிக்காகக் காத்திருக்கிறார். தோடு காதிலேயே இருக்கிறது.

சாதாரண தொண்டை நோ ஒரு பிள்ளையின் இதய வால்வை எப்படிக் கெடுக்கிறது என்பதை அடுத்த மாதம் பார்ப்போம்.