வண்டிகள் பல, தண்டவாளம் ஒன்று

நமது ஊர் வழியாகச் செல்லும் விழுப்புரம் - மயிலாடுதுறை இருப்புப்பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தை வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அகலப்பாதை வண்டி எவ்வளவு கம்பீரமாக விழுப்புரம் வந்து நின்றாலும், திருப்பாதிரிப்புலியூரை அது எட்டிப் பார்க்க முடியாது. எஞ்சினில் குறையில்லை, டிரைவருக்கும் நம்மீது கோபமில்லை. நமது தண்டவாளங்களின் இடைவெளி ஒரு மீட்டர். அதற்கு வேண்டியதோ 1,676 மில்லிமீட்டர். 2010-இல் அகலப்பாதை திறந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

சென்ற ஞாயிறன்று நம்மிடம் முன்பு படித்த வாலிபர் இருவர் வழக்கொன்றைக் கொண்டுவந்தபோது இந்தப் பழங்கதை நினைவுக்கு வந்தது. இருவரும் லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள். ஜன்னல்களும் பட்டியல்களும் தோன்றும் முகப்புக்கு டெஸ்க்டாப் என்று பெயர். ஒருவர் அதில் க்னோம் கக்ஷி; மற்றவர் கே.டி.இ. கக்ஷி. நெடுநேர வாதத்துக்குப்பின் ஒருவர் கேட்டார்: "ஏன் ஸார், இத்தனை பேரும் சேர்ந்து ஒன்றையே நன்றாகச் செய்தாலென்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால் பிரிவினை எல்லாம் வீண் பிடிவாதத்தால் விளைவதென்று எண்ணிவிடலாகாது. 1996-இல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர் கே.டி.இ.யைத் தொடங்கினார். அதற்கு அவர் கையாண்ட க்யூ.டி. என்ற கருவித் தொகுப்பின் உரிமம் அப்போது முழுச் சுதந்திரம் அளிக்கவில்லை. சுதந்திர மாளிகைக்கு இரவல் அஸ்திவாரமா என்று கேட்டவர்கள், 1997-இல் மெக்ஸிகோவின் மிகுயேல் டி இகாஸா, ஃபெடரிகோ மேனா ஆகியோர் முன்னின்று தொடங்கிய க்னோமில் சேர்ந்தனர். 2000-இல் க்யூ.டி.யும் பொது உரிமத்தின்கீழ் வந்தது. எதிர்வீடு ஒன்று எழும்பாதிருந்தால், அந்தப் பூட்டு அவ்வளவு விரைவில் திறந்திருக்குமா என்பது சந்தேகமே.

பூட்டுத் திறந்த பின்னும் இரு வீடுகளும் ஒன்றாகவில்லை, மேலும் பெருகின. 2011-இல் க்னோம் தன் தோற்றத்தை அடியோடு மாற்றிக்கொண்டது. பழைய முகத்தையே விரும்பியவர்கள் மேட் என்றும், வேறு வழி கண்டவர்கள் சின்னமன் என்றும் தனிக்குடித்தனம் போயினர். யூனிட்டி என்று தனி முகப்புச் செய்த உபுண்டுவோ, 2017-இல் க்னோமுக்கே திரும்பிற்று.

ஆயினும் இவர்கள் தண்டவாளத்தை மறக்கவில்லை என்பதே நாம் மெச்சும் விஷயம். 2000-இல் ஹாவோக் பென்னிங்டன் என்பவர் ஃப்ரீடெஸ்க்டாப் என்னும் பொது மேடையை அமைத்தார். புதிய மென்பொருள் ஒன்று தன் பெயரையும் சித்திரத்தையும் எவ்விதம் எழுதி வைத்தால் எல்லாப் பட்டியல்களும் அதைக் காட்டும், ஓரிடத்தில் நகலெடுத்தது மற்றோரிடத்தில் எவ்விதம் ஒட்டும் என்பன போன்ற ஏற்பாடுகள் பேசி முடிவாயின. மென்பொருள்கள் தம்முள் செய்தி பரிமாற டி-பஸ் என்ற பொது முறை ஏற்பட்டபோது, தன் சொந்த முறையைக் கைவிட்டு அதை ஏற்றுக்கொண்டது கே.டி.இ. 2009-இல் கனேரித் தீவிலும் 2011-இல் பெர்லினிலும் இரு சாராரும் ஒரே பந்தலில் மகாநாடு கூடினர்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். இம்முகப்புகளைத் தமிழாக்குவோர் ஊதியம் கருதாத தொண்டர்கள், விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களும் தனித்தனியே உழைப்பதால், ஓரிடத்தில் 'அடைவு' என்பது மற்றோரிடத்தில் 'கோப்புறை' ஆகிறது. 2011 முதல் அரசினர் மடிக்கணினி வழங்கியதால், கணினியே காணாத வீடுகளிலும் அது நுழைந்தது. அவ்வீட்டுப் பிள்ளை ஒரே பொருளுக்கு இரு பெயர் கண்டு திகைத்து ஆங்கிலத்துக்குத் தாவுமானால், யாரை நோவது? பெரிய பாஷைகள் இந்தச் செலவைத் தாங்கும். ஆள் குறைந்த நம் முயற்சி தாங்காது.

ஆகவே, வாலிபர்களுக்கு நாம் கூறிய தீர்ப்பு இதுதான்: "வீடுகள் தனித்தனியே இருக்கட்டும், அகராதி ஒன்றாக இருக்கட்டும்." இருவரும் ஒப்புக்கொண்டு, ஒரே நோட்டுப் புத்தகத்தில் சொற்களைக் குறிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

முதற்பக்கத்தில் அடைவா கோப்புறையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் சண்டை இப்போது ஒரே நோட்டுக்குள் நடக்கிறது.