விருந்துக்குக் கூடுகிறோம், கட்டணத்துக்கு?



அக்டோபர் 17 சர் சையது அஹ்மது கான் பிறந்த நாள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் அன்று உலகின் பல நகரங்களில் விருந்துக்குக் கூடுகிறார்கள். நம்மூர்க் கல்லூரிகளின் பழைய மாணவர் சந்திப்புகள் மட்டும் என்ன? பொன்னாடை, பிரியாணி, குழுப் படம்! கூடுவது தவறல்ல. கூடிக் கலைவதுதான் தவறு. அதே கல்லூரியில் இரண்டாம் பருவக் கட்டணம் கட்ட வழியின்றிப் படிப்பை விடும் மாணவனை அந்த விருந்தில் யாராவது நினைத்தோமா?

1875இல் அலிகரில் பள்ளியாகத் தொடங்கி, 1920இல் பல்கலைக்கழகமானது அந்த நிறுவனம். நிதி திரட்ட சர் சையது மேடையேறவும் வெட்கப்படவில்லை. 1890ஆம் ஆண்டையொட்டி அங்கே ஒரு சங்கம் எழுந்தது. ஏழை மாணவர்களுக்காக மாணவர்களே விடுமுறையில் ஊர் ஊராகச் சென்று வசூலித்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? அஞ்சுமன் அல்ஃபர்ள். கடமைச் சங்கம்! தர்மச் சங்கம் அல்ல, கவனியுங்கள்.

"நான் ஃபீஸ் கட்டித்தானே படித்தேன், யாருக்கு என்ன கடன்?" என்கிறார் ஒரு சகோதரர். நீங்கள் கட்டிய கட்டணத்திலா அந்த நிலம் வாங்கப்பட்டது? 1951இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி எழுந்ததே, அது ஜமால் முஹம்மது சாகிப் குடும்பத்தாரும் காஜாமியான் ராவுத்தரும் அள்ளிக் கொடுத்ததால் அல்லவா? கொடுத்தவர்கள் அங்கே ஒரு நாளும் படித்தவர்கள் அல்லர். படித்துப் பட்டம் வாங்கிய நீங்கள் கணக்குப் பார்க்கிறீர்கள்!

"அரசு உதவித்தொகை இருக்கிறதே" என்பது இன்னொரு சாக்கு. சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெலோஷிப்பை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்திலேயே அறிவித்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மைப் பிள்ளைகளின் உதவித்தொகையும் அதே கல்வியாண்டில் நின்றது. உரிமையைக் கேட்டுப் போராடுவோம், விடமாட்டோம். ஆனால் போராட்டம் வெல்லும்வரை தேர்வுத் தேதி காத்திருக்குமா?

வணிகச் சகோதரர்களே! முதலை முடக்கிப் போட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. படிப்பை விட்ட ஒரு பிள்ளை இந்தச் சமுதாயத்தின் முடங்கிய முதல் அல்லவா?

செய்ய வேண்டியது எளிது. உங்களோடு படித்தவர்கள் இருபது பேர் சேருங்கள். ஆண்டில் ஒரு வாரச் சம்பாத்தியத்தை ஒதுக்குங்கள். ஒரு மாணவரையாவது சேர்க்கை முதல் பட்டம் வரை சுமந்து செல்லுங்கள், பாதியில் விடாதீர்கள். பெண் பிள்ளைகளை மறக்காதீர்கள். ஆய்வுப் படிப்புக்கும் ஒரு பங்கு வையுங்கள். கணக்கை ஆண்டுதோறும் எல்லோர் முன்பும் வையுங்கள். வாங்கும் பிள்ளையை மேடையேற்றிப் படம் பிடித்து அவமானப்படுத்தாதீர்கள்.

நுழைவாயில் வளைவில் பெயர் பொறிக்கப் போட்டி போடும் நாம், ஸதகா ஜாரியாவின் பொருளை மறந்தோமா? வளைவு நிற்கும் இடத்திலேயே நிற்கும். படித்த பிள்ளையோ இன்னும் பத்துப் பேரைப் படிக்க வைப்பான்.

அடுத்த சந்திப்புக்கு அழைப்பு வரும்போது, சாப்பாடு என்ன என்று கேட்காதீர்கள். இந்த ஆண்டு எத்தனை பேர் என்று கேளுங்கள்!