ஊருக்குத் தெரிந்த எஞ்சின்



போன மாதம் ஒருநாள், இரவுச் சாப்பாடு முடித்துக் கை கழுவுகிற நேரம், ரொறன்ரோவிலிருந்து ஓர் அழைப்பு. நமது இதழை ஆண்டுக்கணக்காகப் படித்துவரும் வல்வெட்டித்துறைக்காரர். சுகம் விசாரித்து முடிந்ததும் விசயத்துக்கு வந்தார். "அண்ணை, ஐயாவின்ரை ஜீப்புக்கு வேறை எஞ்சின் போடப் போறம். நீங்கள் உதுகளோடை மாரடிச்ச ஆள். எதைப் போடலாமெண்டு சொல்லுங்கோ."

அவர் ஜீப் என்று சொன்னது லாண்ட் றோவரை. நாலு சில்லும் சேர்ந்து இழுத்தால் நம் ஊரில் அது ஜீப்தானே! 1960களில் வந்த சீரீஸ் 2ஏ. 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின். அரச திணைக்களம் ஒன்றின் ஏலத்தில் அவருடைய ஐயா எடுத்தது. தாளையடிப் பக்கம் வெறும் மணல் பாதையாகக் கிடந்த காலத்தில் வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றி ஓடிய வண்டி. இப்போது வளவின் மூலையில், தகரக் கொட்டிலுக்குள், பின் சீற்றில் கோழி அடைகிடக்க நிற்கிறது.

வீட்டில் மூன்று கட்சி. என்னை அழைத்த மூத்தவருக்கு இங்கிலாந்திலிருந்து 200 ரிடிஐ என்ற டீசல் எஞ்சின் இறக்கவேண்டும். ஊரில் இருக்கும் இளையவருக்கு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு ஜப்பான் ரீகண்டிஷன் டீசல் எஞ்சினை எடுத்து மாட்டிவிட வேண்டும். எண்பது வயது அம்மா மட்டும், "எஞ்சினைப் பிறகு பாருங்கோ பிள்ளையள். முதல்லை கிணத்து மோட்டரை மாத்தித் தாங்கோ" என்றாவாம்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமா? 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறக்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் கொட்டிலில் கிடந்த எத்தனையோ வண்டிகளின் தூசு தட்டப்பட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அது ஐயாவின் நினைவு. ஊரில் இருக்கும் பிள்ளைக்கு அது காலையில் ஸ்ரார்ட் ஆகவேண்டிய வண்டி. எஞ்சின் என்று வரும்போது இரண்டும் முட்டிக்கொள்கின்றன. அதனால்தான் ரொறன்ரோ வாசகருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், எஞ்சினைப் பற்றி வாயே திறக்காதீர்கள். சேசிஸைத் தட்டிப் பாருங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நெல்லியடியில் நெடுங்காலம் கராஜ் வைத்திருந்து இப்போது ஓய்ந்திருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்த வளவுக்குப் போனேன். வந்தவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. நிலத்தில் ஒரு சாக்கை விரித்தார், வண்டிக்கு அடியில் புகுந்தார், சின்னச் சுத்தியலால் தட்டத் தொடங்கினார். முன்பக்கம் "டங், டங்" என்றது. பின் சில்லுக்குக் கிட்டப் போனதும் "பொத்". இன்னும் ஒரு சாண் தள்ளித் தட்டினார். மறுபடியும் "பொத்". திருப்புளியை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். அது தகட்டுக்குள் இறங்கிவிட்டது. துரு, பிஸ்கற் தூள் போல அவர் நெற்றியில் கொட்டியது.

லாண்ட் றோவர் 1948இல் அறிமுகமானபோது, போர் முடிந்த பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் வண்டியின் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். நம்மை ஏமாற்றுவதும் அந்த அலுமினியம்தான். வல்வெட்டித்துறைக் கடற்காற்றில் எத்தனை வருடம் நின்றாலும் கதவைத் துடைத்தால் பளிச்சென்று இருக்கும். கீழே இருக்கும் உருக்குச் சேசிஸை உப்பு தின்று முடித்திருக்கும். புது எஞ்சினின் பாரத்தையும் உதறலையும் பிறகு எதில் தொங்கவிடப் போகிறீர்கள்?

இரண்டாவது, கியர்பொக்ஸ். இதில் நானே சூடுபட்டவன்.

இளவயதில் என்னிடமும் இப்படி ஒரு வண்டி இருந்தது. "நல்ல இழுவை" என்ற ஒரே ஆசையில், வான் ஒன்றிலிருந்து கழற்றிய பெரிய டீசல் எஞ்சினைப் போட்டேன். மலை ஏறும் போல இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஏது மலை? சில மாதம்தான். வல்லிபுரக் கோயில் மணலில் சில்லுப் புதைந்தது, கோபத்தில் அக்சிலேற்றரை அமத்தினேன், பின் அச்சு "டக்" என்று முறிந்தது. மனைவி பிள்ளைகளோடு வெயிலில் நின்று உழவு இயந்திரம் பிடித்து இழுத்துவந்தோம். எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, நல்ல சுகமாக இருந்தது!

அந்தப் பழைய வண்டியின் கியர்பொக்ஸும் அச்சும், சுமார் 70 குதிரைவலு தரும் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டவை. 1989இல் வந்த 200 ரிடிஐ 111 குதிரைவலு தருவது. அது லாண்ட் றோவரின் சொந்த வம்சம் என்பதால் பழைய கியர்பொக்ஸோடு பெரிய வெட்டுக்கொத்து இல்லாமல் பொருந்தும் என்பது உண்மை. ஆனால் பொருந்துவது ஒன்று, தாங்குவது இன்னொன்று. பெண் பார்க்கப் போகிறவர்களுக்கும் இது தெரியுமே!

ஜப்பான் எஞ்சின் என்றால் கணக்கு வேறு. நிசான் ரிடி27 இருக்கிறது, 2.7 லீற்றர், முரட்டு உழைப்பாளி. டொயோட்டா 3எல் இருக்கிறது. நம் ஊர் டொல்பின் வான்களில் ஓடுவது. இரண்டுக்கும் உதிரிப்பாகம் இங்கேயே கிடைக்கும். ஆனால் பழைய கியர்பொக்ஸோடு இணைக்க நடுவில் ஒரு தகடு கடைந்து போடவேண்டும். அந்தத் தகட்டின் மையம் ஒரு மயிரிழை விலகினாலும் பெயாரிங் சத்தம் போடத் தொடங்கும், கிளச் தேயும். எஞ்சினின் அடித்தொட்டி முன் அச்சில் முட்டுகிறதா, ரேடியேற்றருக்கு இடம் மிஞ்சுகிறதா என்றும் பார்க்கவேண்டும். எஞ்சினின் விலையோடு செலவு முடிந்தது என்று நினைக்கிறவர்கள், வீடு கட்டும்போது கல்லின் விலையை மட்டும் பார்க்கிறவர்கள்.

"டீசல் மலிவுதானே?" என்பார்கள். மலிவுதான், ஒரு காலத்தில். 2022 ஜனவரியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா, ஒட்டோ டீசல் 121 ரூபா. அதே ஆண்டு ஜூன் கடைசியில் பெற்றோல் 470, டீசல் 460. ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவு தாவியதை நம் கடற்தொழிலாளர்கள் மறந்திருப்பார்களா? டீசல் எஞ்சின் லீற்றருக்குக் கூடத் தூரம் ஓடும், அது சரி. நாள்தோறும் ஓடுகிற வண்டிக்கு அந்த இலாபம் கையில் தெரியும். மாதத்தில் இரண்டு தரம் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகிற வண்டிக்கு, போட்ட காசை எப்போது மீட்பது?

இன்னொன்று, வாகனப் புத்தகம். எஞ்சின் மாறினால் எஞ்சின் இலக்கம் மாறும். பெற்றோல் டீசலானால் எரிபொருளும் மாறும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிந்துகொள்ளுங்கள். வாங்கிய ரசீதையும், முறைப்படி இறக்குமதியான எஞ்சின் என்பதற்கான சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் கடைக்காரரிடம் கேட்டு வாங்காமல் எஞ்சினைத் தூக்காதீர்கள். புத்தகத்தில் ஒன்று, பொனற்றுக்குள் இன்னொன்று என்று இருந்தால், விபத்து நடந்த அன்று காப்புறுதிக்காரரிடம் என்ன சொல்வீர்கள்? 2022இல் எரிபொருளுக்காகக் கியூஆர் வரிசையில் நின்றவர்களுக்குப் புத்தகத்தின் அருமை தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சரி, எதைத்தான் போடுவது?

சாக்கில் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்த மெக்கானிக்கிடம் இதையே கேட்டேன். "தம்பி, எத்தினை குதிரையெண்டு பாக்காதை. அதைக் கழட்டிப் பூட்டத் தெரிஞ்சவன் ஊரிலை இருக்கிறானோ எண்டு பார்" என்றார்.

இதை அவர் சும்மா சொல்லவில்லை. 1990களில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் கண்ணில் காட்டக் கிடைக்காது; பற்றறிக்கும் தடை. அப்போது நம்மைச் சுமந்தது எது? ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்கள். சின்னப் போத்தலில் இருந்து கார்பரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு, தள்ளி ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் வெள்ளைப் புகை, மூக்கை அடைக்கும். பிள்ளைத்தாச்சியும் நோயாளியும் மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போனது அந்தப் புகையோடுதான்.

அது அற்புதமில்லை. அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. ஒக்டேன் குறைந்த மண்ணெண்ணெயையும் ஒருவாறு எரித்தன. மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். அடிக்கடி ஒயில் மாற்றவும் பிளக்கைச் சுரண்டிப் போடவும் ஒவ்வொரு சந்தியிலும் ஒரு ஆள் இருந்தார். எஞ்சின் பழசு, ஆனால் ஊருக்கு அதன் குணம் தெரிந்திருந்தது.

கடலிலும் இதே கதைதான். நம் வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்ற புதுப் பெயரோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்த கதை வல்வைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அதில் மாலுமிகளாகப் போனவர்கள் வல்வைக்காரர்கள். பாய் கிழிந்தால் தைக்கவும் கயிறு அறுந்தால் முடியவும் தெரிந்த கைகள் கப்பலுக்குள்ளேயே இருந்தன. கடலுக்குச் சரியான அந்தப் புத்தி, கராஜுக்கும் சரிதான்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். நாளாந்தம் பாரம் ஏற்றி உழைக்கப்போகிற வண்டியா? உங்கள் ஊர்க் கராஜில் ஏற்கெனவே கழற்றிப் பூட்டிப் பழகிய ஜப்பான் டீசலைப் போடுங்கள். அதில் சக்தி குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். ஐயாவின் நினைவுக்காக ஓடப்போகிற வண்டியா? பிறந்தபோது இருந்த எஞ்சினையே ஓவர்ஹோல் பண்ணுங்கள். லேத்தில் கொடுத்து போர் அடித்து, பிஸ்ரனும் ரிங்கும் மாற்றினால் அது இன்னொரு தலைமுறைக்கு ஓடும். புத்தகத்திலும் ஒரு எழுத்து மாறாது.

ரொறன்ரோ வாசகரின் எஞ்சின் இறுகிப்போய்த்தான் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, துவாரத்தால் டீசல் விட்டு ஒரு கிழமை ஊறவைத்தோம். எட்டாம் நாள் கைப்பிடியைப் போட்டுச் சுற்றியபோது அரைச் சுற்று அசைந்தது. கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர் அங்கே கத்திய சத்தத்தில் இங்கே கோழி எழும்பி ஓடியது. இப்போது முடிவு மாறியிருக்கிறது: முதலில் சேசிஸ் ஒட்டு, பிறகு பழைய எஞ்சினுக்கே ஓவர்ஹோல். இங்கிலாந்துக்குப் போகவிருந்த காசில் ஒரு பங்கில் கிணத்து மோட்டர் மாற்றியாயிற்று.

உங்கள் வளவிலும் இப்படி ஒரு வண்டி நிற்கிறதா? காசு அனுப்ப முன்னம், ஊரில் ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிவந்து அதற்கு அடியில் படுக்கவிடுங்கள். அவர் எழும்பிவந்து சொல்வதைக் கேட்டபிறகு எஞ்சினைப் பற்றிப் பேசுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்