கேடயத்தோடு நான் எடுத்த படம்

போன டிசம்பரில் டர்பனில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் நின்றோம். அங்கிருந்து நான் இன்ஸ்டகிராமில் போட்ட ஒரு படத்துக்கு, அதுவரை எந்தப் படத்துக்கும் கிடைக்காத அளவு லைக் விழுந்தது. மாட்டுத்தோல் கேடயத்தைப் பிடித்தபடி நான். இரண்டு பக்கமும் தோலுடுப்புப் போட்ட சூலு ஆட்டக்காரர்கள். பின்னால் புல் வேய்ந்த குடில்கள். "உண்மையான ஆபிரிக்கா" என்று கீழே எழுதியிருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு மெசேஜ் வந்தது. அனுப்பியவள் சித்தப்பாவின் மகளோடு படிக்கிற சூலுப் பெண். வீடு க்வாமாஷுவில். நாங்கள் போன முதல் வாரமே அவளுடைய அம்மா எங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு தந்திருந்தார். சோளமாவில் உதிரி உதிரியாகச் செய்த உபுத்து (பெயரைக் கேட்டதும் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு, பார்க்கவும் எங்கள் புட்டு மாதிரித்தான்), அதோடு அமாசி என்கிற புளித்த பால். சாப்பிட்டுக்கொண்டே எல்லோரும் 'உஸாலோ' நாடகம் பார்த்தோம். கதை நடப்பது அவர்களுடைய க்வாமாஷுவிலேயே என்பதால் ஆளாளுக்கு டிவியோடு சண்டை பிடித்தார்கள்.

அவள் கேட்டது இவ்வளவுதான்: "எங்கள் வீட்டுக்கும் வந்தாய்தானே, அந்தப் படம் எங்கே?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த வீட்டில் சோபாவும் டிவியும் இருந்தன. என் வீட்டிலும் அவைதான் இருக்கின்றன. படம் எடுக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

சுற்றுலா விளம்பரத்தில் வருகிற சூலு மனிதருக்கு வயது இருநூறு. ஷாகா 1828இல் இறந்தார். விளம்பரத்தில் அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. க்வாசூலு-நட்டால் மாகாணத்தையே 'சூலு கிங்டம்' என்று பெயரிட்டு விற்றிருக்கிறார்கள். எஷோவேக்குப் பக்கத்தில் இருக்கிற ஷாகாலாண்டின் கதை தெரியுமா? 1986இல் வந்த 'ஷாகா சூலு' தொலைக்காட்சித் தொடருக்காகப் போட்ட செட் அது. 1988இல் அதைச் சுற்றுலாக் கிராமமாகத் திறந்தார்கள். ஆட்கள் பழைய சூலு வாழ்க்கையைப் பார்க்கவென்று போனது ஒரு படப்பிடிப்புத் தளத்துக்கு.

டர்பன் கடற்கரையில் கொம்பும் மணியும் வைத்த பெரிய தலையலங்காரத்தோடு ரிக்‌ஷா இழுக்கிறவர்களும் அப்படித்தான். அஞ்சலட்டைகளில் 'சூலுப் பாரம்பரியம்' என்று வருவது அவர்கள். ரிக்‌ஷா ஜப்பானில் பிறந்த வண்டி. 1892இல் அதை டர்பனுக்குக் கொண்டுவந்தவர் மார்ஷல் கேம்ப்பெல் என்ற சர்க்கரை முதலாளி. அவருடைய கரும்புத் தோட்டங்களில் வெட்டியவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் போய் இறங்கியதோடு தொடங்கிய ஒப்பந்தக் கூலி வாழ்க்கை அது. ஒரே முதலாளியிடம் தமிழன் கரும்பு வெட்ட, சூலுக்காரன் வண்டி இழுத்திருக்கிறான். இதை எந்த அஞ்சலட்டையிலும் போடமாட்டார்கள்.

என் படத்தில் இடது பக்கம் நிற்கிறவரோடு ஆட்டம் முடிந்த பிறகு கொஞ்சம் கதைத்தேன். சனிக்கிழமை இரவுகளில் பாட்டுப் போட்டிக்குப் போவாராம். போனில் படம் காட்டினார். ஒரே நிறக் கோட்டு சூட்டு, வெள்ளைக் கையுறை, முகம் பார்க்கலாம் போல மினுங்குகிற சப்பாத்தோடு பத்துப் பேர். அந்தப் பாட்டுக்குப் பெயர் இசிகதாமியா. வேலை தேடி நகரங்களுக்குப் போன சூலு ஆண்களின் விடுதிகளில் வளர்ந்தது. வாத்தியம் கிடையாது. பாதத்தைப் பூனை மாதிரி மெதுவாக வைத்து ஆடுவார்கள். போட்டி விடிய விடிய நடக்கும். லேடிஸ்மித் பிளாக் மம்பாசோவை உலகம் முழுக்கக் கொண்டுபோனது இந்த இசைதான். அதுவும் சூலு கலாச்சாரம்தானே? ஆனால் அந்தச் சூட்டோடு அவர் நின்றிருந்தால் நான் படம் எடுத்திருக்கமாட்டேன்.

சாலமன் லிண்டாவுக்கு நடந்ததையும் சொல்லவேண்டும். 1939இல் 'ம்புபே' பாட்டைப் பதிவு செய்த அவருடைய குழுவும் சூட்டுப் போட்ட, ஸ்டைலான நகரத்துக் குழு. அமெரிக்காவுக்குப் போனதும் அந்தப் பாட்டுக்கு ஆங்கில வரிகள் எழுதி, உள்ளே ஒரு காட்டையும் நட்டார்கள். 'லயன் கிங்' பார்த்த நீங்கள் எல்லோரும் அதைக் கேட்டிருப்பீர்கள். லிண்டா 1962இல் ஏழையாகவே இறந்தார். அவருடைய பிள்ளைகள் வழக்குப் போட்டு ஒரு இணக்கத்துக்கு வந்தது 2006இல்.

சூலு மக்களே ஈட்டியைத்தானே விரும்புகிறார்கள் என்று சித்தப்பா என்னை மடக்கினார். அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. 2010இல் கிங் ஷாகா விமான நிலையம் திறந்தபோது அங்கே ஆன்ட்ரீஸ் போத்தா செய்த சிலையை வைத்தார்கள். மாடுகளுக்கு நடுவே, கையில் ஆயுதம் இல்லாத ஷாகா. மாடு மேய்க்கிற பொடியன் மாதிரி இருக்கிறார் என்று அரச குடும்பத்துக்குக் கோபம். சில வாரங்களில் ஷாகாவைத் தூக்கிவிட்டார்கள், மாடுகள் மட்டும் நின்றன. 1879இல் இசாண்ட்ல்வானாவில் பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்தவர்களின் சந்ததி கேடயத்தைப் பெருமையாகத் தூக்குவதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அந்த ஆட்டத்தால் சம்பளம் எடுக்கிறவர்களிடம் போய் ஆடாதே என்று சொல்ல நான் யார்? கேடயத்தைத் தவிர வேறொன்றையும் விற்பனைக்கு வைக்காததுதான் எனக்குப் பிழையாகப் படுகிறது. 2022 கணக்கெடுப்பின்படி தென்னாபிரிக்காவில் 24.4 சதவீதம் பேரின் வீட்டு மொழி இசிசூலு. அந்த நாட்டில் வேறெந்த மொழிக்கும் அவ்வளவு பேர் இல்லை. இத்தனை பேரையும் ஒரு குடிலுக்குள் அடைத்து வைக்கிறார்கள்.

எங்களுக்கு இது தெரியாத வலியா? என் பள்ளிக்கூடத்தில் கலாச்சார நாள் வந்தால் பரதநாட்டிய உடுப்பில் வரச்சொல்லித்தான் கேட்பார்கள். நான் பரதம் பழகியதே இல்லை. இதற்காக ஒவ்வொரு வருடமும் எரிச்சல்பட்ட நானே டர்பனுக்குப் போய் அந்தப் படத்தைப் போட்டேன்.

படத்தை நான் அழிக்கவில்லை. "உண்மையான ஆபிரிக்கா"வை எடுத்துவிட்டு, இது காசு கொடுத்துப் பார்த்த ஆட்டம் என்று எழுதினேன். லண்டனுக்கு வெளிக்கிட முதல் திரும்பவும் க்வாமாஷுவுக்குப் போய், கேட்டு ஒரு படம் எடுத்தோம். சோபா, உபுத்துத் தட்டுகள், பின்னால் டிவி. அதையும் போட்டேன். பதினான்கு லைக். கீழே அவளுடைய கொமெண்ட்: அம்மா கண்ணை மூடியிருக்கிற படம்தானா உனக்குக் கிடைத்தது?