அரை மூடி எலுமிச்சை

எலுமிச்சம்பழம் பிழிவதற்கு ஒரு பிரசங்கமா என்று நேயர்கள் புன்னகை செய்யலாம். ஆனால் அதை எப்போது பிழிவது என்று கேட்டால், வீட்டுக்கு வீடு பதில் மாறுகிறது. சிலர் ரஸம் தளதளவென்று கொதிக்கும்போதே பிழிகிறார்கள். சிலர் இறக்கி வைத்த பிறகு பிழிகிறார்கள். இன்னும் சிலர் ஹோட்டல் நாகரிகத்தைப் பின்பற்றி, சூப்புக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு வட்டத் துண்டைச் செருகி, அழகு பார்த்துவிட்டுக் கடைசியில் எறிந்து விடுகிறார்கள். பாவம், அந்தத் துண்டு செய்த குற்றம் என்ன?

மீஞ்சூர்வாசிகளாகிய நமக்கு இதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. வடக்கே பழவேற்காட்டு ஏரி. இறாலும் நண்டும் மடவையும் அங்கிருந்து வருகின்றன. நம் ஊர் இருப்புப்பாதையோடு இன்னும் வடக்கே போனால், எலுமிச்சை வியாபாரத்துக்குப் பேர்போன கூடூர். மீனும் பழமும் ஒரே திக்கில் இருக்கின்றன.

குழம்புக்குப் புளி இருக்கும்போது எலுமிச்சை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் புளிப்புத்தான்; குணம் மட்டும் நேர் விரோதம். புளி கொதித்தால்தான் பச்சை வாசனை நீங்கிக் குழம்போடு சேரும். எலுமிச்சையோ கொதித்தால் கெட்டது. தோலிலுள்ள வாசனை எண்ணெய் ஆவியாய்ப் போய்விடும். விதையும் உள்வெள்ளையும் கசப்பைக் கக்கும். சூடு ஆறத் தொடங்கியபின் பிழிந்தால் வாசனை நிற்கும். கடல் மீனில் வாடை உண்டாக்கும் பொருளையும் அந்த அமிலம் கட்டிப் போட்டுவிடுவதால், அது மூக்கை எட்டுவதில்லை. நமது மிளகுத் தண்ணீரை 'முல்லிகடானி' சூப்பாக்கிக் கொண்ட ஆங்கிலேயர்கூட, எலுமிச்சைத் துண்டை மேஜைமேல் தனியே வைத்துக் கொண்டார்கள்.

ருசி ஒருபுறம் இருக்கட்டும். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆறு வகை வைத்தியம் செய்து பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே சீக்கிரம் தேறினார்கள். ஆனால் அதே லிண்ட், பழச்சாறு நாள்பட இருக்கட்டும் என்று அதைச் சூடேற்றிச் சுண்டவைக்கும்படி எழுதி வைத்தார். சுண்டிய பாகில் புளிப்பு இருந்தது. நோயைத் தீர்க்கும் சக்தியில் பெரும்பகுதி போய்விட்டது. வைட்டமின் ஸி என்று இன்று நாம் சொல்லும் அந்தச் சத்து நெருப்புக்கு ஆகாது. கொதிக்கும் ரஸத்தில் பிழிகிறவர்கள் லிண்டின் பாகைத்தான் சிறிய அளவில் காய்ச்சுகிறார்கள்.

இந்தச் சத்துக்கு இன்னொரு காரியமும் உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் எளிதில் ஒட்டாது. வைட்டமின் ஸி கூட இருந்தால் அதிகமாய் ஒட்டும். இது அற்ப விஷயம் அல்ல. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தச் சோகை.

இப்போது நமது சமையலறையைப் பார்ப்போம். பகல் பன்னிரண்டு மணிக்கு ரஸப் பாத்திரத்தில் பழம் முழுவதையும் பிழிந்தாயிற்று. வீட்டுக்காரர் சாப்பிட்டார், குழந்தைகள் சாப்பிட்டார்கள். எல்லோரும் எழுந்த பிறகு, இரண்டு மணிக்கு, வீட்டு அம்மாள் மிஞ்சிய ரஸத்தைத் திரும்பவும் கொதிக்க வைத்துக்கொண்டு உட்காருகிறாள். பழத்தின் நன்மை யாருக்கு அதிகம் வேண்டுமோ, அவளுக்குப் புளிப்பும் கசப்புமே மிச்சம்!

ஆகவே நமது கட்சி இதுதான்: பாத்திரத்தில் பிழிய வேண்டாம், அவரவர் கிண்ணத்தில், சாப்பிடும் சமயத்தில் பிழிவோம். பழத்தைப் பலகைமேல் வைத்துக் கையால் அழுத்தி உருட்டி, அப்போதே அறுத்து, விதையை நீக்கிப் பிழிந்தால் போதும். நேற்று அறுத்த மூடி உதவாது. ஈயப் பூச்சுப் போன பித்தளைப் பாத்திரத்தில் எந்தப் புளிப்பும் கூடாது. நண்டு ரஸமானாலும் கீரைக் கூட்டானாலும் முறை ஒன்றே.

எலுமிச்சையை ஸஞ்சீவி என்று நாம் சொல்லவில்லை. அதன் சாறு 100 கிராமில் வைட்டமின் ஸி சுமார் 30 மில்லிகிராம்தான். கொய்யாப்பழத்தில் அதைப்போல் பல மடங்கு உண்டு. சோகை முற்றியவர்களுக்கு டாக்டரும் இரும்பு மாத்திரையுமே கதி. ஆனால் தினந்தோறும் சமையலறைக்குள் வருகிற பழத்தை வீணாக்காமல் இருக்க டாக்டர் வேண்டியதில்லை.

பந்தி முடிந்து இலை எடுக்குமுன், கடைசியாய்ச் சாப்பிடப் போகிறவளுக்கு அரை மூடி அறுக்காமல் இருக்கிறதா என்று வீட்டுக்காரர்கள் ஒரு தரம் எட்டிப் பார்க்கட்டும். அவளையும் கூடவே உட்காரச் சொன்னால் இன்னும் விசேஷம்.