உங்கள் ஓட்டு எந்த வீட்டில்?

கல்யாணமாகி வந்த பெண்ணிடம் "உனக்கு ஓட்டு எங்கேம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். பல பேர் "அம்மா வீட்டிலேதான்" என்பார்கள். வந்து நாலு வருஷம் ஆகியிருக்கும். இடுப்பில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. ரேஷன் கார்டில் பேரை அங்கே எடுத்து இங்கே சேர்க்க எத்தனை தரம் நடந்திருப்பாள்! காஸ் புத்தகம், பாங்க் புத்தகம் எல்லாவற்றிலும் விலாசம் மாற்றியாயிற்று. ஓட்டு மட்டும் பிறந்த வீட்டிலேயே. அரிசியும் சர்க்கரையும் தராத சமாசாரம் என்ற மெத்தனம்தான், வேறென்ன?

எங்கள் போளூரில் இது சகஜம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஆரணி, கலசபாக்கம் என்று பக்கத்திலேயே நடந்துவிடும். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அம்மா வீடு. "போய் ஓட்டுப் போட்டுவிட்டு அம்மாவையும் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பினால் யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் ஒன்றை யோசியுங்கள். பார்லிமெண்ட் தேர்தலுக்குப் போளூரும் ஆரணியும் ஒரே தொகுதி. பெயரே ஆரணி தொகுதிதான். சட்டசபைக்கு அப்படியில்லை. போளூர் 66-வது தொகுதி, ஆரணி 67-வது தொகுதி. நம் தெருக் குழாயில் தண்ணீர் வராவிட்டால், ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லாவிட்டால் நாம் போய் நிற்கப் போவது போளூர் எம்.எல்.ஏ. வாசலில். ஓட்டுப் போடுவதோ ஆரணிக்காரருக்கு!

வசதிக் குறைவு என்று மட்டும் இதை விட்டுவிட முடியாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று ஒன்று நடந்ததே, வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? டிசம்பர் 19-ம் தேதி வரைவுப் பட்டியல் வந்தபோது சுமார் 97 லட்சம் பேர் அதில் இல்லை. இறந்தவர்களும் அதில் உண்டு. பெரும்பாலோர் 'இடம் பெயர்ந்தவர்கள்'. கல்யாணம் பண்ணிக்கொண்டு போன பெண்ணைவிட இடம் பெயர்ந்தவர் யார்?

எங்கள் தெருவில் ஒரு மருமகள். ஆரணியில் பட்டு நெசவுக்காரர் வீட்டுப் பெண். படிவத்தோடு வந்தவர் அவள் அம்மா வீட்டில் கேட்டிருக்கிறார். "அவள் போளூரில் இல்லே இருக்கா?" என்று அம்மா உள்ளதைச் சொல்லிவிட்டாள். அங்கே பேர் போயிற்று. இங்கே அவள் எழுதிக் கொடுக்கவே இல்லை, ஆகவே இங்கேயும் கிடையாது. கையில் வாக்காளர் அட்டை மட்டும் பளபளவென்று இருக்கிறது! "கார்டு இருக்கே அக்கா, போதாதா?" என்று என்னைக் கேட்டாள். போதாது. பட்டியலில் பேர் இருந்தால்தான் ஓட்டு. அட்டை 'இவள்தான் அவள்' என்று காட்டுவதற்கு மட்டும். பட்டியலில் பேரிருந்து அட்டை தொலைந்து போயிருந்தால்கூட ஆதார், பாஸ்போர்ட், படம் ஒட்டிய பாங்க் புத்தகம் இவற்றில் ஒன்றைக் காட்டிப் போடலாம். வீட்டுக்கு வந்து தருகிற பூத் சிலிப் மட்டும் அடையாளமாகாது.

அந்தப் பெண் புதிதாக 6-ம் நம்பர் படிவம் கொடுக்க வேண்டியதாயிற்று. பேர் இன்னும் அம்மா வீட்டுப் பட்டியலில் இருக்கிறவர்கள் அதைத் தொட வேண்டாம். உங்களுக்கு 8-ம் நம்பர். 2022 ஆகஸ்டிலிருந்து வீடு மாற்றம், பிழை திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை எல்லாம் அதில் அடக்கம். 6-ஐக் கொடுத்துவிட்டால் இரண்டு இடத்தில் பேர் நிற்கும். அது சட்டப்படி கூடாது.

"என் பேரில் கரண்ட் பில் இல்லையே" என்று தயங்காதீர்கள். வீட்டுக்காரர் அதே விலாசத்தில் வாக்காளராக இருந்தால் அவர் பேரில் உள்ள காஸ், கரண்ட் பில்லே செல்லும். தாலுகா ஆபீஸில் கொடுக்கலாம், உங்கள் வாக்குச்சாவடிக்கான அலுவலரிடம் கொடுக்கலாம் (பல இடங்களில் அங்கன்வாடி டீச்சரே அந்த வேலையைப் பார்க்கிறார்), தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் போடலாம். காசு கிடையாது. சந்தேகத்துக்கு 1950 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். தேர்தல் தேதி அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்க வேண்டாம். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் முடிந்தால் அந்தத் தேர்தலுக்குப் புதுப் பேர் ஏறாது.

வீட்டில் வயசுக்கு வந்த பெண் இருந்தால் அவளையும் கவனியுங்கள். 1989 வரை 21 வயசு ஆக வேண்டியிருந்தது, இப்போது 18. முன்பெல்லாம் ஜனவரி 1 ஒன்றுதான் கணக்கு. இப்போது ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் உண்டு. 17 முடிந்ததுமே 6-ம் நம்பரை முன்கூட்டிக் கொடுத்து வைக்கலாம்.

படிவத்தில் பேரை நீங்களே எழுதுங்கள். காரணம் இருக்கிறது. நம் சென்னை மாகாணச் சட்டசபை 1921-லேயே, மற்ற மாகாணங்களுக்கு முன்பாக, சொத்துள்ள பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. 1952 முதல் பொதுத் தேர்தலில் எல்லாப் பெண்களுக்கும் வந்தது. ஆனால் வடக்கே பல பெண்கள் சொந்தப் பேரைச் சொல்லக் கூசி, இன்னார் மனைவி, இன்னார் தாயார் என்றே எழுத வைத்தார்கள். தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் ஒப்புக்கொள்ளவில்லை. சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு அடிபட்டுப் போயிற்று! இப்போதும் கல்யாணமானால் புருஷன் பேரைப் பின்னால் சேர்க்க வேண்டும் என்று சட்டமில்லை. உறவினர் கட்டத்தில் தகப்பனார் பேரோ தாயார் பேரோகூட இருக்கலாம்.

ஓட்டுப் போடும் நாளன்று கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்ற கவலை வேண்டாம். தூக்கிக்கொண்டே உள்ளே போகலாம், விதியிலேயே இடமிருக்கிறது. வரிசையிலும் முன்னே விடுவார்கள், கேளுங்கள். செல்போனை வீட்டில் வைத்துவிடுங்கள். பட்டனை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் நீங்கள் போட்ட சின்னம் ஒரு சீட்டில் ஏழு வினாடி தெரியும். குழந்தை அழுதாலும் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள் பேரில் வேறு யாரோ முந்திப் போட்டுவிட்டுப் போயிருந்தால், "ஐயோ" என்று திரும்பி வந்துவிடாதீர்கள். அங்குள்ள தலைமை அதிகாரியிடம் அடையாளத்தைக் காட்டி, 'டெண்டர் ஓட்டு' வேண்டும் என்று கேளுங்கள். மெஷினில் அல்ல, காகிதச் சீட்டில் போடச் சொல்வார்கள். அதைத் தனி உறையில் வைப்பார்கள்.